காகச் சோற்றுக்கு மூன்று கொட்டேஷன்

இல்லை, அது பொய். மூன்றாம் மாடி இராமலெட்சுமி லிஃப்டுக்குள்ளும், பால் வாங்குகிற இடத்திலும், பிள்ளையார் கோயில் வாசலிலும் நின்று சொல்கிற கதையில் ஒரு பருக்கை உண்மை கிடையாது. என் வீட்டில் அறை எடுத்திருந்த விரிவுரையாளர் புஷ்பராஜ் பல்கலைக்கழகத்துக் காசைச் சுருட்டிக்கொண்டு ஓடவில்லை. சுருட்டுவதற்கு முதலில் காசு மிஞ்சியிருக்க வேண்டும் அல்லவா? வந்த காசு முழுவதையும் காகம் தின்றுவிட்டது. அதற்குச் சாட்சி நான். சோறு வடித்ததே நான்தான்.

மனிதர் படியிறங்கிப் போனது நேற்றுப் பின்னேரம். இன்று பால் பொங்குவதற்குள் கதை ஒழுங்கையைத் தாண்டிக் காலி வீதிவரை போய்விட்டது. போனவர் என்னிடம் சொல்லிக்கொண்டுதான் போனார். உடுப்பில் பாதி இன்னும் கொடியில் கிடக்கிறது. ஓடுகிறவன் துவாயைக் காயவிட்டுவிட்டா ஓடுவான்? ஆனால் இராமலெட்சுமிக்குப் புஷ்பராஜ் மேல் ஒரு கோபம் இருக்கிறது. அது தன்னுடைய கட்டுப்பல் சம்பந்தமான கோபம். அதைப் பிறகு சொல்கிறேன்.

மனிதரில் வேலை செய்கிறவர்கள் ஒரு இனம், செய்யாதவர்கள் ஒரு இனம் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். புஷ்பராஜ் வந்த பிறகுதான் இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு இனம் இருப்பது தெரிந்தது. இவர்கள் வேலை செய்வதற்கு விண்ணப்பம் போடுகிறவர்கள். வேலை கேட்டு அல்ல. வேலை ஏற்கெனவே இருக்கிறது, மாதம் முடிந்தால் சம்பளமும் இருக்கிறது. அந்த வேலைக்குள்ளே ஒரு ஆராய்ச்சி செய்ய ஒரு சின்னத் தொகை வேண்டும் என்று, தாங்கள் படிப்பிக்கிற இடத்துக்கே, தங்களோடு கன்டீனில் ஒரே வாங்கில் குந்தி இருந்து வடை தின்கிற ஆட்களுக்கே, ‘மதிப்புக்குரிய ஐயா’ என்று தொடங்கிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள். அந்தத் தொகைக்குப் பெயர் கிராண்ட். அதைக் கேட்டு எழுதுவதற்குப் பெயர் ‘கிராண்ட் போடுவது’. கேட்கிறவர்தான் போடுகிறார், கொடுக்கிறவர் ஒன்றும் போடுவதில்லை. கவனித்துக்கொள்ளுங்கள்.

இந்த இனத்தை எப்படி அடையாளம் காண்பது? சுலபம். கையில் ஒரு பிளாஸ்டிக் பைல் இருக்கும். மழை பெய்தால் அதைத் தலைக்குப் பிடிக்காமல் சட்டைக்குள் வைத்துத் தலையை நனைப்பார்கள். கடைசித் திகதி கிட்ட வரும்போது தாடி வளரும், கடந்ததும் மறையும், அடுத்த சுற்றுக்கு அறிவித்தல் வந்ததும் திரும்பவும் முளைக்கும். எந்தக் கேள்விக்கும் நேராகப் பதில் வராது. ‘தேத்தண்ணி குடிக்கிறியா தம்பி?’ என்று கேட்டால் நீங்களும் நானும் குடிக்கிறேன் என்போம், வேண்டாம் என்போம். புஷ்பராஜ் கதிரையில் நிமிர்ந்து இருப்பார்.

“காலையில இருந்து தலை வலிக்குது ஆச்சி. அதக் குறைக்கிற நோக்கத்தோட, கொஞ்சம் இஞ்சி தட்டிப் போட்டு, சீனியக் குறைச்சு, ஒரு பத்து நிமிஷத்துக்குள்ள கிடைச்சிச்சின்னா, பின்னேரம் வரைக்கும் பலன் இருக்கும்.”

நான் கேத்திலை அடுப்பில் வைத்துவிட்டுத் திரும்பினால், தேநீர் கிடைக்காமல் போனால் மாற்று ஏற்பாடு என்ன என்பதையும் சொல்லிக்கொண்டிருப்பார்.

மற்றபடி தங்கமான பிள்ளை. பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, படித்து, கொழும்பில் ஒரு பல்கலைக்கழகத்தில் மிருகம் பறவைகளைப் பற்றிப் படிப்பிக்க வந்தவர். எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்காதீர்கள். சொன்னால் அதற்கும் ஒரு அனுமதி எடுக்க வேண்டும். வெள்ளவத்தையில் கடற்கரை ரயில் போனால் ஜன்னல் அதிர்கிற இந்தத் தொடர்மாடியில், என் பல்கனிக்குப் பக்கத்து அறையை எடுத்துக்கொண்டார். எடுத்த காரணத்தையும் சொன்னார். பல்கனியில் காகம் வருகிறதாம்.

காகம்தான் அவருடைய ஆராய்ச்சி. இதைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். நான் சொல்லச் சொல்ல எழுதுகிற பிள்ளை, நீயும் சிரிக்காமல் எழுது. இது ஒரு உயிர்ப் பிரச்சினை.

விஷயம் இதுதான். புஷ்பராஜின் தாய் ஆறாயி சனிக்கிழமை விரதக்காரி. எள்ளுச் சோறு வடித்து, காகத்துக்கு வைத்து, அது தின்ற பிறகுதான் தான் தின்பார். சனிக்கிழமைகளில் தான் இலையோடு வெளியே வருவதற்கு முதலே காகம் வந்து வேலியில் குந்தியிருக்கும், மற்ற நாட்களில் தலையைக் காட்டாது, ஆகையால் காகத்துக்குச் சனிக்கிழமை தெரியும் என்பது அவருடைய கட்சி. தகப்பன் தங்கையாவின் கட்சி வேறு. காகத்துக்குக் கிழமையும் தெரியாது நாளும் தெரியாது, எண்ணெய் வாசத்துக்கு வருகிறது என்பார். கலியாணம் கட்டின நாளிலிருந்து இந்த வழக்கு நடக்கிறது. தங்கையாவுக்குச் சனிக்கிழமை கோழி இல்லாமல் முடியாது. மூன்று வருஷத்துக்கு முதல் நெஞ்சில் அடைப்பு வந்து, இறைச்சியைக் கண்ணாலும் பார்க்கக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். மனிதர் கேட்கவில்லை. பெஞ்சாதி அழுதார், கேட்கவில்லை. கடைசியில் ஒரு வார்த்தை கொடுத்தார்: ‘படிச்ச மகன் இருக்கான்ல, அவன் பாத்துச் சொல்லட்டும். காக்காவுக்குச் சனிக்கிழம தெரியும்னா நான் அன்னையோட கோழிய விட்டுர்றேன்.’

டொக்டர் சொல்லிக் கேட்காத மனிதர் காகம் சொன்னால் கேட்பேன் என்று நிற்கிறார். சொல்லுங்கள், சின்னப் பிரச்சினையா இது?

பல்கனிதான் இருக்கிறது. சனிக்கிழமை தோறும் நானும் காகத்துக்குச் சோறு வைக்கிறவள்தான். என் மனுஷன் உயிரோடு இருந்த காலத்தில் ஒருநாளும் சாப்பாட்டுக்கு நேரத்துக்கு வீட்டுக்கு வந்ததில்லை, காகமாகித்தான் திருந்தியிருக்கிறார். ஆகவே நான் புஷ்பராஜிடம் சொன்னேன்: தம்பி, கதிரையைத் திருப்பிப் போடு, காகத்தைப் பார், மற்ற நாளும் பார், தகப்பனுக்குப் போன் பண்ணிச் சொல்லு. முடிந்தது வேலை.

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கோயிலுக்குள் செருப்போடு வந்தவளைப் பார்க்கிற பார்வை.

“காசு இல்லாமப் பாத்தா அது வேடிக்கை ஆச்சி. காசோட பாத்தாத்தான் ஆராய்ச்சி.”

இந்த ஒரு வசனத்தில் அந்த இனம் முழுவதும் அடங்கிவிட்டது. நீங்கள் மேலே வாசிக்காமல் விட்டாலும் பாதகமில்லை. ஆனால் கட்டுப்பல் இன்னும் வரவில்லை.

முதல் வருஷம் அவர் கேட்டது அரிசிக்கும் எள்ளுக்கும் ஒரு கொப்பிக்கும் காணக்கூடிய காசு. கமிட்டி திருப்பி அனுப்பியது. இவ்வளவு குறைவாகக் கேட்கிற ஆராய்ச்சி நல்ல ஆராய்ச்சியாக இருக்க முடியாதாம். இரண்டாம் வருஷம் அவர் புத்தி வந்தவராக, ஆகாயத்தில் பறந்து படம் பிடிக்கிற ட்ரோன் ஒன்றும், காகத்தின் காலில் கட்டுகிற கருவியும், காகங்கள் பற்றிய மாநாட்டுக்குப் போய்வர விமானச் செலவும் சேர்த்தார். அதுவும் திரும்பி வந்தது. சின்ன கிராண்டுக்கு இது பெரிது, பெரிய கிராண்டுக்குக் காகம் சின்னது.

நாங்கள் என்றால் துக்கப்படுவோம். இந்த இனம் துக்கப்படாது. மறுப்புக் கடிதத்தை மூன்று தரம் வாசித்துவிட்டு, முகம் மலர்ந்து, “எவ்வளவு மரியாதையா ரிஜெக்ட் பண்ணியிருக்காங்க பாருங்க ஆச்சி” என்று எனக்கு வாசித்துக் காட்டினார். ‘தரமான விண்ணப்பங்கள் பல வந்தபடியால்’ என்று எழுதியிருந்ததாம். அந்தப் பலவற்றில் தன்னுடையதும் ஒன்று என்பதில் அவருக்கு ஒரு வாரத்துக்குச் சந்தோஷம்.

இந்த இரண்டு வருஷமும் சனிக்கிழமைகளில் என் வீட்டில் நடந்த கூத்தைக் கேளுங்கள். சனிக்கிழமை அவருக்கு விரிவுரை இல்லை. காலையிலேயே மேசையை ஜன்னலோடு இழுத்துப் போட்டுக்கொண்டு, பல்கனிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, காகத்தைப் பற்றி எழுதுவார். நான் சோறு வைப்பேன். முதுகுக்குப் பின்னால் காகம் வரும். ஒன்று வரும், ஒன்பது வரும். ‘கா’ என்னும். அவர் எழும்பி ஜன்னலைச் சாத்துவார்.

“தம்பி, பின்னுக்குத் திரும்பிப் பார். வந்து நிக்குது.”

“சத்தம் போடாதீங்க ஆச்சி. காகத்த எப்படிப் பாக்கப்போறேன்னு எழுதிட்டு இருக்கேன்.”

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்திலிருந்து தகப்பன் போன் எடுப்பார். காதுக்குத் தூரமாகப் பிடித்தாலும் கேட்கிற குரல். என்னடா, முடிவு வந்துச்சா என்பார். கமிட்டி இன்னும் கூடல்லப்பா என்பார் மகன். கமிட்டி என்னத்துக்குடா, காக்காவக் கேளு என்று சிரித்துவிட்டு, அதுவரைக்கும் கோழிக்குத் தடையில்லை என்று அறிவிப்பார். பின்னால் ஆறாயி ஏதோ முணுமுணுப்பது கேட்கும். புஷ்பராஜ் போனை வைத்துவிட்டு இன்னும் வேகமாக எழுதுவார்.

மூன்றாம் வருஷம் சாமி கண் திறந்தது. கமிட்டி கொள்கையளவில் சம்மதித்தது. கொள்கையளவில் என்றால் என்ன? பெண்ணைப் பிடித்திருக்கிறது, ஆனால் குறிப்பு, சீதனம், மண்டபம், மாப்பிள்ளை எல்லாம் பிறகு பார்ப்போம் என்று அர்த்தம்.

முதலாவது தடை, அரசாங்கக் காசில் என்ன வாங்கினாலும் மூன்று கடையில் விலை கேட்டு, மூன்று கொட்டேஷன் வைக்க வேண்டும். புஷ்பராஜ் ஒழுங்கை முனையில் பலசரக்குக் கடை வைத்திருக்கிற பௌஸி நானாவிடம் போனார். நானும் வெங்காயம் வாங்க நின்றேன்.

“என்ன சேர் இது? காகத்துக்குப் போடுற சோத்துக்குக் கொட்டேஷனா? காகம் வெலை பாத்தா திங்கப்போகுது?”

புஷ்பராஜ் பொது நிதியின் பொறுப்பு பற்றி விளக்கினார். பௌஸி நானா பொறுமையாகக் கேட்டுவிட்டு, தன் கடைக் கடதாசியில் ஒரு விலையும், மருதானையில் இருக்கிற மச்சானின் கடைக் கடதாசியில் கொஞ்சம் கூடின ஒரு விலையும், மச்சானின் மச்சான் பேரில் இன்னும் கூடின ஒரு விலையும், ஒரே பேனையால், ஒரே மேசையில், ஒரு பிளேன்ரீ ஆறுவதற்குள் எழுதிக் கொடுத்தார். போட்டி மிக ஆரோக்கியமாக நடந்திருப்பதாகக் கமிட்டி பாராட்டியது.

இரண்டாவது தடை எதிக்ஸ் கமிட்டி. உயிருள்ள எதையும் ஆராய்ந்தால் அதற்கு வருத்தம் வரக்கூடாது என்று பார்க்கிற கமிட்டி. நல்ல கமிட்டிதான், எங்கள் வீடுகளிலும் ஒன்று வேண்டும். காகங்களின் சம்மதம் எப்படிப் பெறப்படும் என்று கேட்டது. புஷ்பராஜ் இரண்டு நாள் நித்திரை இல்லாமல் யோசித்து, ‘பங்கெடுக்கும் காகங்கள் எந்த நேரமும், காரணம் சொல்லாமல், விலகிப் பறந்து போகலாம்’ என்று எழுதினார். கமிட்டிக்குத் திருப்தி. அதோடு பல்கனிக்காரியின் சம்மதமும் வேண்டும் என்றது. எனக்கு எழுத்து வாசிப்புத் தெரியாது. அவர் இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் வாசித்து விளங்கப்படுத்தினார். ஆராய்ச்சியால் எனக்கு உளப் பாதிப்பு வந்தால் அழைக்க வேண்டிய நம்பர்கூட இருந்தது. நான் பெருவிரலை மையில் அமுக்கி வைத்தேன். வைக்கும்போதே பாதிப்பு வந்துவிட்டது, வேறு விஷயம்.

மூன்றாவது, கையெழுத்து. துறைத் தலைவர் கையெழுத்து வைக்க வேண்டும், அவர் லீவு. அவர் வந்த அன்று பீடாதிபதி மாநாடு. பீடாதிபதி வந்த அன்று நிதிப் பிரிவில் சாப்பாட்டு நேரம். அந்த நேரம் எப்போது முடியும் என்று அறிந்தவர் யாரும் இல்லை. ஒரு நாள் மூன்று பேரும் ஒரே இடத்தில் நிற்பதைக் கண்டாராம், ஒரு மரணவீட்டில். பைல் கையில்தான் இருந்தது. செத்த வீட்டில் எப்படிக் கேட்பது என்று தயங்கினார் என்று நினைக்கிறீர்களா? பெட்டியை வாகனத்தில் ஏற்றும்வரை பொறுத்திருந்தார். அவ்வளவுதான் தயக்கம்.

கடைசியில் காசு வந்தது. எப்போது வந்தது? மார்கழியில், டிசம்பர் முடியப்போகிற கடைசி வாரத்தில்.

இதில் ஒரு சட்டம் இருக்கிறது, கவனமாகக் கேளுங்கள். அந்த வருஷத்துக் காசை அந்த வருஷம் முடிவதற்குள் செலவழித்துவிட வேண்டும். மிச்சம் இருந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டும். திருப்பிக் கொடுத்தவனுக்குப் பெயர் கெட்டுவிடும். அவனுக்குச் செலவழிக்கத் தெரியாது என்று அடுத்த முறை ஒருவரும் கொடுக்க மாட்டார்கள். கிராண்ட் போடுகிற இனத்தில் களவெடுத்தவனை மன்னித்தாலும் மன்னிப்பார்கள், மிச்சம் பிடித்தவனை மன்னிக்க மாட்டார்கள். ஒரு வருஷத்துச் சனிக்கிழமைகளுக்கு என்று கணக்குப் பண்ணிக் கேட்ட அரிசி, எள்ளு, பருப்பு எல்லாம் பௌஸி நானாவின் லொறியில் வந்து என் ஹோலில் இறங்கியது. வருஷம் முடியும் அன்று மூட்டையில் ஒரு மணி அரிசியும் இருக்கக்கூடாது, கணக்குச் சரிபார்க்கிற ஓடிட் வந்து பார்க்கும்.

“கோயிலுக்குக் குடு தம்பி, அன்னதானத்துக்கு.”

“முடியாது ஆச்சி. பட்ஜெட்டில காகம்னுதான் இருக்கு. மனுஷங்களுக்குக் கொடுத்தா ஓடிட் பிடிக்கும்.”

என்ன செய்வது? வடித்தேன். திங்கள் வடித்தேன், செவ்வாய் வடித்தேன், பண்டிகைச் சமையலுக்கு எடுக்கிற பெரிய சருவத்தில், காலையும் பின்னேரமும் வடித்தேன். புஷ்பராஜ் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, பல்கனிக் கம்பியில், மொட்டைமாடியில், தண்ணீர்த் தாங்கி மேல், லிஃப்ட் மோட்டர் அறைக் கூரையில் என்று வாழையிலை விரித்துப் பரிமாறினார். முதல் நாள் எங்கள் ஒழுங்கைக் காகங்கள் வந்தன. அடுத்த நாள் அவை சொந்தக்காரரைக் கூட்டி வந்தன. அதற்கடுத்த நாள் பம்பலப்பிட்டியிலிருந்து வந்தன, தெஹிவளையிலிருந்து வந்தன, மிருகக்காட்சிச்சாலையில் வேலை பார்க்கிற காகங்களும் லீவு போட்டுவிட்டு வந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். கடல் பக்கம் வெளிச்சம் மறைந்தது. ரயில் போகிற சத்தம் கேட்கவில்லை. உடுப்புக் காயப்போட்டவர்கள் அதைத் திரும்பக் கழுவினார்கள். திரும்பக் கழுவினவர்கள் காயப்போடவில்லை.

அந்த வாரத்தில்தான் இராமலெட்சுமி, வெயில் படட்டும் என்று, கட்டுப்பல்லைக் கிளாசுத் தண்ணீரில் போட்டுத் தன் பல்கனியில் வைத்தார். யார் வைக்கச் சொன்னது? காகம் கிளாசை விட்டுவிட்டுப் பல்லை எடுத்துக்கொண்டு போனது. மூன்று நாள் கழித்துப் பௌஸி நானாவின் கடைத் தகரக் கூரையில் கிடந்தது, சிரித்தபடி. அந்த மூன்று நாளும் இராமலெட்சுமியால் ஒரு சொல் சரியாகக் கதைக்க முடியவில்லை. பல் கிடைத்ததும் சேர்த்து வைத்திருந்த வம்பை எல்லாம் ஒரேயடியாகக் கதைக்கத் தொடங்கினார். இன்றுவரை நிறுத்தவில்லை. இப்போது விளங்குகிறதா?

வருஷம் முடிந்தது. அரிசியும் முடிந்தது. ஓடிட் வந்து வெறும் சாக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திருப்தியோடு போனது.

தை பிறந்து முதல் சனிக்கிழமை, புஷ்பராஜ் குளித்து, திருநீறு பூசி, புதுக் கொப்பியோடு கதிரையைப் பல்கனிப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். முதல் தரம்! எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் எள்ளுச் சோற்றை வைப்பதற்கு முதலே காகம் கம்பி நிறைய வந்து குந்தியிருந்தது. அவர் சந்தோஷமாக எழுதினார். ஞாயிற்றுக்கிழமை, சோறில்லாமல், பார்த்தார். கம்பி நிறையக் காகம். திங்கள், வேலைக்குப் போகாமல் பார்த்தார். காகம். செவ்வாயும் காகம். சமையலறை ஜன்னலில் கொத்திக் கூப்பிட்டது ஒன்று.

பேனை கையிலிருந்து விழுந்தது. ஒரு வாரம் முழுக்க, நாள் தவறாமல், விருந்து வைத்தாயிற்று. இனி வெள்ளவத்தைக் காகத்துக்கு எல்லா நாளும் சனிக்கிழமைதான். விருந்துக்கு முதல் அதற்குக் கிழமை தெரிந்திருந்ததா, தெரியவில்லையா? அதை இனி எந்தக் கொம்பனும் இந்த ஒழுங்கையில் கண்டுபிடிக்க முடியாது. பார்ப்பதற்காகக் கேட்ட காசு, பார்க்க வேண்டியதைத் தின்றுவிட்டது.

பல்கலைக்கழகம் என்ன செய்தது தெரியுமா? பாராட்டிக் கடிதம் அனுப்பியது. அந்த வருஷம் சின்ன கிராண்ட் எடுத்தவர்களில் ஒரு சதம் மிஞ்சாமல் செலவழித்தவர் இவர் ஒருவர்தானாம். மற்றவர்களுக்கு அனுபவத்தைச் சொல்லிக்கொடுக்கக் கூட்டம் வைக்கப்போகிறார்களாம். காகத்துக்குச் சனிக்கிழமை தெரியுமா என்று ஒருவரும் கேட்கவில்லை.

கேட்டது ஒரே ஒரு ஆள். நேற்று, வெள்ளிக்கிழமை, மத்தியானம் போன் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை அல்லாத நாளில் அடித்ததால் புஷ்பராஜ் எழும்பி நின்று எடுத்தார். தகப்பன் இல்லை, ஆறாயி. தங்கையாவுக்கு இரவு திரும்பவும் நெஞ்சு நொந்ததாம். ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்களாம். இப்போது சுகம்தான், அந்தச் சுகத்தில் நாளைக்குக் கோழி சொல்லி வைத்திருக்கிறாராம். புஷ்பராஜ் கடிதம் வந்ததைச் சொன்னார், பாராட்டைச் சொன்னார், கூட்டத்தைச் சொன்னார். தாய் எல்லாவற்றையும் கேட்டார்.

“அதெல்லாஞ் சரிய்யா. நீ பாத்தியா? காசு வர்றதுக்கு முந்தி ஒரே ஒரு சனிக்கிழம, ஒங்கண்ணால பாத்தியா?”

புஷ்பராஜுக்குப் பின்னணி, நோக்கம், பலன் ஒன்றும் வரவில்லை. போனை வைத்துவிட்டுப் பல்கனியில் நின்ற காகங்களைப் பார்த்தார். அவை சோறு எங்கே என்பதுபோல அவரைப் பார்த்தன.

பிறகு உள்ளே போய் ஒரு சின்னத் தோள்பையோடு வந்தார். பைல் இல்லை. லாப்டொப் இல்லை. மூன்று வருஷத்தில் நான் அவரைப் பைல் இல்லாமல் கண்டதே கிடையாது. கை இரண்டையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

“ஊருக்குப் போறேன் ஆச்சி. அங்க காக்கா இன்னும் கெட்டுப்போகல்ல. நாளைக்கு அம்மாவுக்குப் பின்னால நின்னு பாத்துட்டு, அப்பாகிட்ட உள்ளதச் சொல்லிர்றேன்.”

“ஆரிட்டையும் அனுமதி கேட்டனியோ?”

“இல்ல ஆச்சி. சும்மாதான். வேடிக்கை.”

வேடிக்கை என்று அவர் வாயால் சொன்னார். எனக்கு அந்தப் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்ச வேண்டும் போல இருந்தது. பழனிமலை மாதிரி ஆள், தூக்க முடியாது. நெற்றியில் திருநீறு பூசிவிட்டேன். கதவைத் திறந்து, திரும்பிப் பாராமல், விடுவிடென்று படியிறங்கினார். லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்கவில்லை. அதைத்தான் இராமலெட்சுமி ஓடினார் என்கிறார். மூன்று வருஷமாக உட்கார்ந்திருந்தவன் நடந்தால் ஓடுகிற மாதிரித்தான் தெரியும்.

நான் பல்கனிக்கு விரைந்து எட்டிப் பார்த்தேன். கீழே ஓட்டோ ஒன்றை மறித்தார். பஸ் எடுக்கிற இடத்துக்குப் போகக் கேட்டிருப்பார். என் மனதுக்குள் மணி அடித்தது: இந்த மனிதன் இனத்தை விட்டு வெளியேறிவிட்டான், தப்பிவிட்டான், பிள்ளையாருக்கு ஒரு தேங்காய். ஒரு காலை ஓட்டோவுக்குள் வைத்துவிட்டார். மற்றக் காலை வைக்கவில்லை. குனிந்து சாரதியிடம் சிங்களத்தில் ஏதோ கேட்டார். சாரதிப் பெடியன் தலையைச் சொறிந்தான். எனக்குக் காது இன்னும் நன்றாகக் கேட்கும், இருந்தும் நம்பவில்லை. அவர் திரும்பவும் கேட்டார்.

“மல்லி, பிலக் தெனவாத?”

தம்பி, பில் தருவாயா என்று கேட்கிறார்.

தேங்காயை நான் இன்னும் உடைக்கவில்லை. பெடியன் பில் கொடுத்தானா என்றும் தெரியாது. ஓட்டோ காலி வீதிக்குத் திரும்பிவிட்டது, காகங்களும் பின்னாலேயே போயின. இன்று சனிக்கிழமை. இந்த நேரம் ஆறாயி எள்ளுச் சோற்றோடு வெளியே வந்திருப்பார். மகன் பின்னால் நின்று வேலியைப் பார்க்கிறாரா, பயணச் செலவுக்கு எந்தக் கிராண்ட் போடலாம் என்று வேலிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாரா? நான் நல்லதையே நினைக்கிறேன். ஆனால் தங்கையாவின் கோழி அதில்தான் தொங்குகிறது.

நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்? நீங்கள் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கவில்லை, கிராண்ட் போடவில்லை, காகத்துக்கும் உங்களுக்கும் கொடுக்கல் வாங்கல் இல்லை. சரி. அப்படியானால் ஒன்று செய்யுங்கள். கன நாளாகப் பார்க்க வேண்டும், செய்ய வேண்டும், ஒரு ஆளிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்கிற ஒரு விஷயம் உங்களுக்கும் இருக்கும். இதைக் கீழே வைத்துவிட்டு இப்போதே எழும்பிப் போய் அதைச் செய்யுங்கள்.

என்ன, அதற்கு முதல் ஒரு பேனை தேடுகிறீர்களா?